ரிமோட் ஃபெடரல் வேலை, 20 நிமிடத் தொலைவில் மருத்துவமனை வேலை: எதை எடுப்பது?

கேள்வி: நாக்ஸ்வில் வாசகர், 14 அக்டோபர் 2024

டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில்லில் இருக்கிறேன். கையில் இரண்டு வேலைகள். ஒன்று, ஃபெடரல், அதாவது அமெரிக்க மத்திய அரசுத் துறை ஒன்றில் 2210 தொடர் (கணினிப் பணி), ஜி.எஸ்.12 சம்பள நிலை, முழுக்க வீட்டிலிருந்தே. சம்பளம் 86,962 டாலர். மற்றது, இதே ஊரில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் கணினிப் பிரிவு. வாரம் ஐந்து நாளும் அலுவலகம், காரில் 20 நிமிடம், 95,000 டாலர். மனைவி செவிலியர், இரவுப் பணி மாறி மாறி வரும். மகளுக்கு 4 வயது. "கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மென்ட் உத்தியோகம்" என்று அப்பா தஞ்சாவூரிலிருந்து போனில் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும். அக்கா, நீங்கள் ஃபெடரல் வேலையில் இருப்பவர். என்ன சொல்கிறீர்கள்?

14 அக்டோபர் 2024, இரவு

ஃபெடரல் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

2012இல் வாஷிங்டனில், ஒப்பந்தப் பிரிவில், 1102 தொடரில் சேர்ந்தேன். ஒன்பது ஆண்டுகள் மேரிலாந்து வீட்டிலிருந்து காலை 5.40க்குக் கிளம்பி, காரை ஓரிடத்தில் நிறுத்தி, மெட்ரோ பிடித்துப் போய் வந்தேன். 2021இல் என் பதவி ரிமோட் ஆனது. கணவருக்கு வேலை கிடைத்திருந்த ஓஹையோவுக்கு, கிளீவ்லாந்துக்குக் கிழக்கே ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு வந்துவிட்டோம். வாஷிங்டன் வட்டாரப்படி (ஊருக்கு ஏற்ப அடிப்படைச் சம்பளத்தோடு சேரும் தொகை) போய்க் கிளீவ்லாந்து வட்டாரப்படி வந்ததில் சம்பளம் குறைந்தது. ஆனால் வந்த முதல் வாரம், ஒரு புதன்கிழமை பன்னிரண்டரை மணிக்கு, அம்மாவுடன் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டேன். திருமணமான பதினெட்டு ஆண்டுகளில் வேலை நாளில் அம்மாவுடன் சாப்பிட்ட முதல் மதிய உணவு அது. இதற்கு எத்தனை டாலர் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

டாலரில் எழுதக்கூடியவையும் குறைவில்லை. ஓய்வூதியம்: மிக உயர்ந்த மூன்றாண்டுகளின் சராசரிச் சம்பளத்தில், பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1 சதவீதம். 62 வயதில் 20 ஆண்டுப் பணியுடன் ஓய்வு பெற்றால் 1.1 சதவீதம். அதற்காக நம்மிடம் பிடிப்பது 0.8 சதவீதம்தான். டி.எஸ்.பி. என்ற ஓய்வுக்காலச் சேமிப்பில் நாம் 5 சதவீதம் போட்டால் அரசும் 5 சதவீதம் போடும். மருத்துவக் காப்பீட்டுச் சந்தாவின் பெரும்பங்கை அரசே கட்டுகிறது, ஓய்வுக்கு முந்தைய ஐந்தாண்டுகள் அதில் தொடர்ந்து இருந்தால் ஓய்வுக்குப் பின்பும் அது நம்மோடு வரும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 13 நாள் ஈட்டிய விடுப்பு, 13 நாள் மருத்துவ விடுப்பு, போதாததற்கு 11 அரசு விடுமுறைகள். எட்டாயிரம் டாலர் வித்தியாசம் இதில் கரைந்துவிடும்.

15 அக்டோபர் 2024

நேற்று எழுதியதில் ஒரு பெரிய தவறு. 0.8 சதவீதம் என்பது 2013க்கு முன் சேர்ந்தவர்களுக்கு. எனக்குப் பிடிப்பது அதுதான் என்பதால் எல்லோருக்கும் அப்படியே என்று எழுதிவிட்டேன். 2014 முதல் சேர்பவர்களுக்கு 4.4 சதவீதம். உங்கள் சம்பளத்தில் ஆண்டுக்கு 3,800 டாலருக்குச் சற்று மேல் போகும், நான் சொன்ன கணக்கைவிட 3,100 அதிகம். மன்னியுங்கள். மருத்துவமனை உங்கள் ஓய்வுச் சேமிப்பில் எவ்வளவு சேர்த்துப் போடுகிறது என்று கேட்டீர்களா? அதைப் பக்கத்தில் வைக்காமல் ஒப்பிட வேண்டாம்.

16 அக்டோபர் 2024

ரிமோட், டெலிவொர்க் இரண்டும் ஒன்றுதானே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அல்ல. இந்தக் குழப்பத்தால் வீடு வாங்கி மாட்டிக்கொண்டவர்களை நான் நேரில் அறிவேன்.

டெலிவொர்க் என்றால் உங்கள் பணியிடம் அலுவலகம்தான், சில நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி. இரண்டு வாரச் சம்பளக் காலத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் அலுவலகத்தில் இருந்தால்தான் அந்த ஊரின் வட்டாரப்படி கிடைக்கும். ரிமோட் என்றால் உங்கள் வீடு இருக்கும் ஊரே பணியிடம், வட்டாரப்படியும் அந்த ஊருக்கு உரியது. நாக்ஸ்வில்லுக்குத் தனி வட்டாரப்படி இல்லை, 'ஏனைய அமெரிக்கா' என்ற பொதுக் கணக்கில் வருகிறது: இந்த ஆண்டு 16.82 சதவீதம். அதே ஜி.எஸ்.12 முதல் படிக்கு வாஷிங்டனில் 33.26 சதவீதம், 99,200 டாலர். 86,962 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

நியமனம் நடந்ததும் எஸ்.எஃப்.50 என்ற படிவம் வரும். 39ஆம் கட்டத்தைப் பாருங்கள். பணியிடம் என்று அங்கே நாக்ஸ்வில் இருக்க வேண்டும். வேறு ஊர் இருந்தால் நேர்காணலில் யார் என்ன சொல்லியிருந்தாலும் நீங்கள் ரிமோட் அல்ல.

ரிமோட் என்றால் கோடையில் மூன்று மாதம் தஞ்சாவூரில் அப்பா அம்மாவுடன் இருந்துகொண்டே வேலை பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்து வேலை செய்வதற்குத் தனித் திட்டம் இருக்கிறது, துறையின் அனுமதியும் வெளியுறவுத் துறையின் அனுமதியும் வேண்டும். அரசு மடிக்கணினியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். ஊருக்குப் போகிறீர்களா, விடுப்பு போட்டுவிட்டு நிம்மதியாகப் போய் வாருங்கள்.

18 அக்டோபர் 2024

ஃபெடரல் வேலைக்கே சம்மதம் சொல்லிவிட்டீர்கள், டிசம்பர் 2 சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

உங்கள் முடிவு தெரிந்த பிறகு நேற்றிரவு எனக்கு வேறொரு நினைவு வந்தது. 2012இல் பக்கத்து மேசையில் இருந்த மூத்த அம்மையார் ஒருவர்தான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஒப்பந்ததாரரிடம் அவர் போனில் பேசும்போது எங்கே குரலைத் தாழ்த்துகிறார், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுத்தில் அனுப்பச் சொல்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். செப்டம்பர் 30 நிதியாண்டு முடிவதற்குள் கோப்புகள் மலையாகக் குவியும், இரவு எட்டு மணிக்கு அவர் என் மேசைக்கு வந்து ஒரு வரியைக் காட்டி, "இதைக் கையெழுத்துக்கு அனுப்பாதே" என்பார். 2021க்குப் பிறகு எங்கள் குழுவில் சேர்ந்த இளைஞர்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. நான் திரையில் அவர்களுடன் பேசுகிறேன், ஆனால் அவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி என் காதில் விழுவதில்லை.

அதனால் வேலையை மாற்றச் சொல்லவில்லை. முதல் ஆண்டில் தினமும் ஒருவரை அழைத்து, சின்னச் சந்தேகமானாலும் கேளுங்கள்.

3 நவம்பர் 2024

அம்மாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்து, "அப்படியானால் குழந்தையைப் பகல் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டாம் அல்லவா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வேலை நேரத்தில் குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்வதற்கு மாற்றாக வீட்டு வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நான் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. அம்மாவுடன் சாப்பிட்டது என் உணவு இடைவேளையில். அவருக்குக் காலையில் வரும் உதவியாளருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறோம். மிச்சமானது போக்குவரத்து நேரம் மட்டுமே. அந்த மூன்று மணி நேரம் சிறியதல்ல, ஆனால் காப்பகக் கட்டணம் மிச்சமாகும் என்று கணக்குப் போடாதீர்கள்.

24 நவம்பர் 2024

அரசுச் செலவைக் குறைக்கத் தேர்தலில் வென்ற ட்ரம்ப் பொறுப்புக் கொடுத்திருக்கும் எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் 20ஆம் தேதி நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையைப் பலர் அனுப்பியிருக்கிறார்கள். ஃபெடரல் ஊழியர்களை வாரம் ஐந்து நாள் அலுவலகத்துக்கு வரச்சொன்னால் பலர் தாமாகவே விலகுவார்கள், அதை வரவேற்போம் என்கிறது கட்டுரை. நாக்ஸ்வில் தம்பி கவலையுடன் கேட்கிறார்: மருத்துவமனையில் அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை, மனத்தை மாற்றிக்கொள்ளலாமா?

பதற வேண்டாம் என்பது என் கருத்து. 2010 பிப்ரவரியில் பனிப்புயலால் வாஷிங்டன் அலுவலகங்கள் நாள்கணக்கில் மூடிக்கிடந்தபோது வீட்டிலிருந்து வேலை செய்யக்கூடியவர்களின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே டெலிவொர்க் சட்டம் வந்தது. பதினான்கு ஆண்டுகளாக வேரூன்றிய ஏற்பாடு. இந்த ஆகஸ்டில் வெளியான அரசு அறிக்கைப்படி ஏறத்தாழ 22.8 லட்சம் சிவில் ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர், 54 சதவீதம் பேர், ஏற்கெனவே முழுநேரமும் பணியிடத்துக்குப் போகிறவர்கள். ரிமோட் 10 சதவீதம்தான். இந்தப் பத்துச் சதவீதத்துக்கு மேசை போட இடமே இல்லாத துறைகள் உண்டு. உங்கள் பணியிடம் எழுத்தில் இருக்கிறது. சேருங்கள்.

8 டிசம்பர் 2024

தம்பி சேர்ந்துவிட்டார். 39ஆம் கட்டத்தில் நாக்ஸ்வில் என்றே இருக்கிறதாம். மகள் மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வரும்போது கதவைத் திறந்தது அப்பா என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் ஊரில் நன்றி நாளையொட்டிப் பெய்யத் தொடங்கிய பனியில் காரே தெரியவில்லை. சாலை மூடியிருந்தது, நான் வேலையைத் தவறவிடவில்லை.

21 ஜனவரி 2025

நேற்று மாலை புதிய அதிபர் ட்ரம்பின் உத்தரவு வந்துவிட்டது. ரிமோட் ஏற்பாடுகளை முடித்து, ஊழியர்கள் முழுநேரமும் பணியிடத்துக்கு வரத் துறைகள் நடவடிக்கை எடுக்க வேண்டும். கூடவே புதிய நியமனங்களுக்கும் தடை.

நவம்பர் 24 அன்று நான் எழுதியதை இன்று மூன்று முறை படித்தேன்.

24 ஜனவரி 2025

ஓ.பி.எம். எனப்படும் பணியாளர் மேலாண்மை அலுவலகம் 22ஆம் தேதி வழிமுறைகளை அனுப்பியிருக்கிறது. உடல் ஊனம், மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. துறையின் எந்த அலுவலகத்திலிருந்தும் 50 மைலுக்கு மேல் இருப்பவர்களின் பணியிடத்தை, அவர்கள் வேலைக்குப் பொருத்தமான அலுவலகத்துக்கு மாற்றவும் துறைகள் முயல வேண்டும்.

என் வீட்டிலிருந்து கிளீவ்லாந்து அலுவலகம் 48 மைல். தம்பிக்கு மிக அருகிலுள்ள அலுவலகம் நாஷ்வில், 180 மைல். ஆக, எனக்குப் பயணம், அவருக்கு ஊர் மாற்றம்.

எனக்கு எங்கே பிசகியது என்று யோசித்தேன். 2010 சட்டம் டெலிவொர்க்கை அனுமதிக்கச் சொல்கிறது, ஊழியருக்கு அதை உரிமையாகத் தரவில்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், பழகிய வழக்கத்தை உரிமைபோல எண்ணி ஒருவரின் குடும்ப முடிவுக்கு அடித்தளமாகக் கொடுத்துவிட்டேன். 39ஆம் கட்டத்தில் ஊர் பெயரை எழுதியவர்களே அதை மாற்றியும் எழுதலாம். அக்டோபரில் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது.

30 ஜனவரி 2025

28ஆம் தேதி எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. விலகச் சம்மதித்தால் செப்டம்பர் 30 வரை சம்பளம், பிப்ரவரி 6க்குள் முடிவு சொல்ல வேண்டும். எட்டாண்டு, பத்தாண்டு பணி செய்தவர்கள் ஒரே வாரத்தில் எப்படி முடிவெடுப்பது? எனக்குத் தெரிந்த ஒருவர் இரவு முழுவதும் உட்கார்ந்து ஓய்வூதியக் கணக்குப் போட்டிருக்கிறார்.

நியமனக் கடிதம் வந்து, பிப்ரவரி 8க்குப் பிறகு சேர வேண்டியிருந்த பலருக்குக் கடிதமே திரும்பப் பெறப்பட்டிருக்கிறது. பழைய வேலையை விட்டுவிட்டவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். இனி யார் கேட்டாலும், சேரும் நாள் எழுத்தில் உறுதியாகும்வரை கையிலுள்ள வேலையை விட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

16 பிப்ரவரி 2025

மின்னஞ்சலில் வந்த விலகல் திட்டத்தின் கடைசி நாள் நீதிமன்ற வழக்கால் தள்ளிப்போய் 12ஆம் தேதி முடிந்தது. சுமார் 75,000 பேர் ஏற்றுக்கொண்டதாக அரசு சொல்கிறது. மறுநாளிலிருந்தே தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களைத் துறை துறையாக நீக்குகிறார்கள். தம்பிக்கு இது மூன்றாவது மாதம். தகுதிகாண் பருவம் ஓராண்டு.

அவர் குழுவில் இருவருக்குக் கடிதம் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஒவ்வொரு மின்னஞ்சல் ஒலிக்கும் மனைவி எழுந்து வந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு என்னால் தூங்க முடியவில்லை. அரசு வேலையின் பாதுகாப்பு என்று நான் எழுதிய அனைத்தும் பதின்மூன்று ஆண்டுப் பணியுள்ள எனக்குப் பொருந்துவது. முதல் ஆண்டில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பில் மிகச் சிறு பகுதிதான் உண்டு. என் இருக்கையிலிருந்து பார்த்து அவருக்கு வழி சொன்னேன், 0.8 சதவீதத்தில் செய்த அதே தவறு.

20 ஏப்ரல் 2025

ஆறு வாரமாக அலுவலகம் போகிறேன். ஒரு நாளைக்கு 96 மைல், வாரத்துக்கு 480. கார் நிறுத்த நாளொன்றுக்கு 9 டாலர். காலை 5.40 மறுபடி வந்துவிட்டது.

போய்ச் சேரும் அலுவலகத்தில் என் குழுவைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. மேலாளர் வேறு மாநிலம். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வீட்டில் எந்தத் திரையில் யாருடன் பேசினேனோ அதே திரையில் அவர்களுடனேயே பேசுகிறேன். சுற்றிலும் முப்பது பேர் அப்படியே பேசுவதால், ஒப்பந்தத் தொகையை உரக்கச் சொல்ல முடியாமல் எழுதிக் காட்டுகிறேன். பக்கத்து மேசை அம்மையாரைப் பற்றி அக்டோபரில் எழுதியது இன்னும் உண்மை. ஆனால் அந்த நன்மை அலுவலகக் கட்டடத்தில் இல்லை, பக்கத்து மேசையில் அதே தொழிலைச் செய்பவர் இருப்பதில் இருக்கிறது. அலுவலக வேலைக்கு வாதாடுபவர்களும் எதிர்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தியாகராஜ ஆராதனைக்காகக் கிளீவ்லாந்து முழுக்க நம் ஊர் முகங்கள். அம்மாவை ஒரு மாலைக் கச்சேரிக்காவது அழைத்துப்போக வேண்டும் என்று இருந்தேன். கிளீவ்லாந்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி 48 மைல் வர முடியவில்லை. சனிக்கிழமைதான் போனோம்.

11 மே 2025

தம்பியிடமிருந்து நீண்ட கடிதம். நாஷ்வில்லுக்கு மாறச் சொன்னார்கள். மனைவியின் வேலையும் மகளின் பள்ளியும் நாக்ஸ்வில்லில். ஏப்ரலில் பல துறைகள் விலகல் திட்டத்தை இரண்டாம் முறை திறந்தபோது கையெழுத்திட்டுவிட்டார். செப்டம்பர் 30 வரை சம்பளம் வரும். மருத்துவமனையைக் கேட்டுப் பார்த்தார், அந்த இடம் ஜனவரியிலேயே நிரம்பிவிட்டது.

கையில் மிஞ்சுவதைக் கேட்டிருந்தார். ஓய்வூதியத்துக்கு ஐந்தாண்டு வேண்டும், இல்லை. பிடித்த 4.4 சதவீதத்தைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். டி.எஸ்.பி.யில் அவர் போட்டதும் அதற்கு இணையாக அரசு போட்டதும் அவருடையவை. அரசு தானாகப் போடும் 1 சதவீதம் மட்டும் மூன்றாண்டு முடிக்காததால் போய்விடும்.

"அக்கா, உங்களைக் குறை சொல்லவில்லை, மகளுக்குக் கதவு திறந்த அந்த இரண்டு மாதம் எனக்கு வேண்டியிருந்தது" என்று முடித்திருக்கிறார். குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

17 ஆகஸ்ட் 2025

அதே மருத்துவமனைக் குழுமத்தில் வேறொரு இடம் கிடைத்துவிட்டது, 91,000 டாலர். முதல் நாளே வயர் பெட்டி அறைக்கு அழைத்துப்போய் எந்த இணைப்பு எங்கே போகிறது என்று ஒருவர் இரண்டு மணி நேரம் காட்டினாராம். அதைப் பற்றி மட்டும் அரைப்பக்கம் எழுதியிருக்கிறார்.

26 அக்டோபர் 2025

நிதி ஒதுக்கீட்டுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் அக்டோபர் 1 முதல் அரசு முடங்கியிருக்கிறது. நான் சம்பளமில்லாமல் வீட்டில். 2019 சட்டப்படி முடக்கம் தீர்ந்ததும் பின்சம்பளம் வர வேண்டும், ஆனால் வீட்டுக் கடன் தவணை அதுவரை காத்திருக்காது. கணவரின் சம்பளத்தில் ஓடுகிறது. இருவருமே ஃபெடரல் வேலையில் இருக்கும் குடும்பங்களை நினைத்துக்கொள்கிறேன். எப்போது தீரும் என்று தெரியாமல் அம்மாவுடன் மதியம் சாப்பிடுகிறேன். அவருக்கு மகிழ்ச்சி, எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதச் செலவுக்கான பணம் தனியாக இல்லாதவர் ஃபெடரல் வேலைக்கு வருமுன் முதலில் அதைச் சேர்த்துவையுங்கள். ரிமோட்டா அலுவலகமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

23 நவம்பர் 2025

முடக்கம் 43 நாட்களுக்குப் பிறகு 12ஆம் தேதி முடிந்தது. பின்சம்பளம் வந்துவிட்டது. மறுபடி 5.40.

கொலம்பஸிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: ஃபெடரல் வேலை ஒன்று, அலுவலகத்துக்குப் போக வேண்டும், ஆனால் "பிறகு ரிமோட் ஆகலாம்" என்று நேர்காணலில் சொன்னார்களாம், எடுக்கலாமா?

அந்த வாக்கியத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அம்மா. ஐந்து நாளும் போவதாகவே வைத்துக்கொண்டு, ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டிலிருந்து அந்தக் கட்டடம் வரை காரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் குழு அந்தக் கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை மைல், எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள். அதன்பிறகு பேசலாம்.